உள்ளூராட்சிச் சபைகளின் வரவு செலவும் மலையகத் தோட்டங்களும்

அரசின் தொழில் இன்னதென வகுத்துக் கூறப் புகுந்த திருவள்ளுவர், பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்த பொருளை ஒருங்கு சேர்த்தல், சேர்த்ததை அழியாது பேணுதல், பேணியதை உரிய துறைகளுக்குப் பங்கிடுதல் எனும் நான்கு செயல்களையும் இறைமாட்சி அதிகாரத்தில் ஒரே குறளுள் அடக்கினார். முடியுடை வேந்தனுக்குக் கூறிய இவ்விலக்கணம், அட்டன் கடைத்தெருவிற் குப்பை அகற்றும் ஒரு சிறு சபைக்கும் முற்றப் பொருந்துவதாகும். அந்நான்கனுள் இறுதியாகிய பங்கீடு எவ்வாறு நிகழ்கின்றது, அப்பங்கீட்டிலே மலையகத் தோட்டங்கள் ஏன் நெடுங்காலம் இடம் பெறாது நின்றன என்பன ஆராயத் தக்கன.

இலங்கையின் உள்ளூராட்சிச் சபைகள் மூவகைப்படும். மாநகர சபைகள் 1947-ஆம் ஆண்டின் 29-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தாலும், நகர சபைகள் 1939-ஆம் ஆண்டின் 61-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தாலும், பிரதேச சபைகள் 1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கச் சட்டத்தாலும் ஆளப்படுவன. நுவரெலியா மாவட்டத்தில் இம்மூவகையும் உள. நுவரெலியா நகருக்கு மாநகர சபையும், அட்டன்-டிக்கோயா, தலவாக்கலை-லிந்துலை ஆகிய இடங்களுக்கு நகர சபைகளும் அமைந்துள்ளன. நகரங்களைச் சூழ்ந்து மலைச்சரிவெங்கும் பரந்துள்ள தேயிலைத் தோட்டங்களோ பெரும்பாலும் பிரதேச சபைகளின் எல்லைக்குள் அடங்குவன. ஆதலின் பிரதேச சபையின் வரவு செலவே ஈண்டுச் சிறப்பாக நோக்கப்படும்.

ஒரு சபை ஒரு காரியத்துக்குப் பணம் செலவிட வேண்டுமாயின் மூன்று வினாக்களுக்கு விடை வேண்டும். அச்செலவுக்குச் சட்டம் அதிகாரம் தருகின்றதா? சபையின் நிதியிற் பணம் உண்டா? சபை கூடி அச்செலவுக்கு இசைந்ததா? இம்மூன்றனுள் ஒன்று குறைந்தாலும் ஏனைய இரண்டும் பயன் தாரா. பொதுமக்கள் பெரும்பாலும் இரண்டாம் வினாவையே எண்ணுவர். “சபையிடம் பணம் இல்லை” என்ற விடையோடு அமைதியுறுவர். தோட்ட மக்களைப் பொறுத்தவரை முதல் வினாவே முப்பது ஆண்டுகள் குறுக்கே நின்றது என்பது பலரும் அறியாத உண்மையாகும்.

வரவின் வழிகள்

பிரதேச சபையின் வரவு, தானே அறவிடுவதும் பிறரிடமிருந்து பெறுவதும் என இருகூறாய் அமையும். தானே அறவிடுவனவற்றுள் முதன்மையானது, சோலைவரி என மக்கள் வழங்கும் ஆதனவரி. வீடு, கடை முதலியவற்றின் ஆண்டுப் பெறுமதியை மதிப்பிட்டு, அதன்மேல் ஒரு வீதம் வரியாக விதிக்கப்படும். பிரதேச சபை இவ்வரியைத் தன் எல்லை முழுவதிலும் விதித்தல் இயலாது; கட்டடங்கள் செறிந்த இடமென முறைப்படி அறிவிக்கப்பட்ட பகுதிகளிலேயே விதிக்கலாம். அவ்வாறு அறிவிக்கப்படாத பயிர்நிலங்களுக்கு ஏக்கர் வரி என்றொரு வரி உண்டு. இவற்றோடு வியாபார உரிமக் கட்டணம், களியாட்ட வரி, சந்தைக் குத்தகை, கடை வாடகை, குடிநீர்க் கட்டணம் என்பனவும் சேரும்.

பிறரிடமிருந்து பெறுவனவற்றுள், நிலம் கைமாறும்போது செலுத்தப்படும் முத்திரைத் தீர்வையும், நீதிமன்றங்களில் விதிக்கப்படும் தண்டப்பணமும் மாகாண சபையின் வழியாக வந்து சேரும். ஊழியர் சம்பளத்தின் பெரும்பகுதியை அரசாங்கம் மாகாண சபையூடாக மீளளிக்கும். குறித்த வேலைகளுக்கென அமைச்சுக்கள் தரும் நன்கொடைகளும் உண்டு.

இவ்வரவுகளை நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். கடைகள் நிறைந்த நகரத்தை உடைய சபைக்கு ஆதனவரியும் உரிமக் கட்டணமும் மிகும். நிலம் அடிக்கடி விற்கப்படும் ஊரை உடைய சபைக்கு முத்திரைத் தீர்வை மிகும். தோட்டங்களையே பெரிதும் கொண்ட சபைக்கு இவ்விரண்டும் அரிய. தோட்ட நிலம் அரசுக்குரியது. கம்பனிகளுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடப்பட்டது. அது சந்தையில் விற்பனையாவதில்லை. லயங்களில் வாழ்வோர் வீட்டுக்கு உடைமையாளர் அல்லராதலின், அவர்பெயரில் வரி மதிப்பீடும் இல்லை. எஞ்சிய ஏக்கர் வரியின் வீதமோ மிகச் சிறியது. மக்கள்தொகை மிக்கிருந்தும் வரவு மெலிந்திருத்தல் இச்சபைகளின் இயல்பாயிற்று.

செலவின் பகுப்பு

சபையின் நிதியாண்டு சனவரி முதலாந் திகதி தொடங்கி டிசம்பர் முப்பத்தோராந் திகதி முடியும். அடுத்த ஆண்டுக்குரிய வரவு செலவுத் திட்டம், நடப்பாண்டின் இறுதித் திங்கள்களில் ஆயத்தமாகும். செலவுகள் ஆறு நிகழ்ச்சித் திட்டங்களாக வகுக்கப்படும். பொது நிருவாகமும் ஊழியர் சேவையும், சுகாதார சேவை, வீதிகள் காணிகள் கட்டடங்கள் உள்ளிட்ட பௌதிகத் திட்டமிடல், நீர் வழங்கல், பொதுப் பயன்பாட்டுச் சேவை, நலன்புரிச் சேவை என்பன அவ்வாறுமாம்.

இவ்வொவ்வொன்றும் மீண்டெழும் செலவு, மூலதனச் செலவு என மேலும் இரண்டாகும். ஊழியர் சம்பளம், எரிபொருள், மின்கட்டணம் போல ஆண்டுதோறும் தவறாது வருவன மீண்டெழும் செலவு. பாலம் கட்டுதல், வீதிக்குக் கொங்கிறீட்டு இடுதல், குழாய் பதித்தல் போல நெடுங்காலம் நிலைத்துப் பயன் தருவன மூலதனச் செலவு. வரவு குறைந்த சபையில் மீண்டெழும் செலவே முழுப் பணத்தையும் விழுங்கிவிடும். ஒரு சபை உண்மையில் மக்களுக்கு யாது செய்யக் கருதியுள்ளது என்பதை அறிய விரும்புவோர், திட்டநூலின் பருமனை நோக்காது, அதன் மூலதனச் செலவுப் பக்கங்களை நோக்குதல் வேண்டும்.

சபையின் இசைவு

வரவு செலவுத் திட்டத்தை ஆயத்தஞ் செய்து சபைமுன் வைப்பது தவிசாளரின் கடமை. உறுப்பினர் அதனை விவாதிப்பர், திருத்தங் கூறுவர், ஈற்றில் வாக்களிப்பர். பெரும்பான்மையோர் இசைந்தபின்னரே அது சபையின் திட்டமாகும். முதன்முறை தோற்கடிக்கப்படின், தவிசாளர் அதனை மீண்டும் சமர்ப்பிக்கலாம். மீண்டும் தோற்பின் அவர் பதவி துறந்தவராகக் கருதப்பட நேரும். 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர சபையின் திட்டம் இருமுறை தோற்கடிக்கப்பட, மேயர் பதவி இழந்தமையும், அத்திங்கள் முடியுமுன்னரே வேறொருவர் மேயராகத் தெரிவு செய்யப்பட்டமையும் இதற்குச் சான்றாம். பணத்தின்மேல் வாக்களிக்கும் உரிமையே உறுப்பினரின் கையிலுள்ள மிகப் பெரிய படைக்கலம் என்பது இதனால் விளங்கும்.

திட்டத்திற் காணப்படாத செலவு ஆண்டின் நடுவே நேரிடுதலும் உண்டு. மலைநாட்டிலே மண்சரிவால் ஒரு வீதி அற்றுப்போதல் புதிதன்று. அத்தகைய வேளையில் தவிசாளர் தம் விருப்பப்படி பணத்தை எடுத்தல் ஆகாது. குறைநிரப்பு மதிப்பீடொன்றைச் சபைமுன் வைத்து இசைவு பெறல் வேண்டும்.

இசைவுக்குப் பின்

திட்டம் நிறைவேறியவுடனே பணம் வெளிச்செல்லும் என எண்ணுதல் தவறு. ஒரு சிற்றூரின் நடைபாதைக்கும் அதன் குறுக்கே ஒரு சிறு மதகுக்கும் பணம் ஒதுக்கப்பட்டதாகக் கொள்வோம். தொழினுட்ப உத்தியோகத்தர் இடத்தை அளந்து, கல், மணல், சீமெந்து, கூலி ஆகியவற்றுக்கு மதிப்பீடு வரைவார். விலைமனுக் கோரப்படும், உரியவரிடம் வேலை ஒப்படைக்கப்படும். வேலை முடிந்தபின் உத்தியோகத்தர் மீண்டும் அளந்து, செய்த வேலை இவ்வளவு என்று சான்று பகர்வார். அச்சான்றோடு வவுச்சர் ஆயத்தமாகும். குறித்த செலவுத் தலைப்பில் மீதிப் பணம் உண்டா என்பது பேரேட்டிற் பார்க்கப்படும். அதன்பின்னரே காசோலை எழுதப்படும்.

இவ்வளவோடும் காரியம் முடிந்ததன்று. கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் உத்தியோகத்தர் பின்னர் வந்து ஏடுகளைப் புரட்டுவர். அவர் கேட்கும் முதற்கேள்வி, பாதை நன்றாக இடப்பட்டதா என்பதன்று. இப்பாதையை இடச் சபைக்கு எந்தச் சட்டம் அதிகாரம் தந்தது என்பதேயாம். சட்டம் அனுமதியாத செலவுக்கு இசைந்தவரிடமிருந்தே அப்பணத்தை அறவிடவும் இடமுண்டு. ஆகவே தவிசாளரும் செயலாளரும் அதிகாரம் ஐயத்துக்கிடமான செலவுக்குக் கையொப்பமிட அஞ்சுதல் இயல்பே.

கணக்குக் காட்டும் இக்கடப்பாடு மேனாட்டார் தந்த புதுமை அன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள், முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது போனவரும் அவர்தம் நெருங்கிய சுற்றத்தாரும் குடவோலை முறையில் தெரிவு செய்யப்படத் தகுதியற்றவர் என விதித்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஊர்ப்பணத்தைக் கையாள்வோருக்குத் தமிழர் இட்ட வேலி அது.

தோட்டங்கள் புறத்தே நின்ற வரலாறு

மேற்கூறிய நடைபாதை ஒரு கிராமத்தில் அமையாது, தேயிலைத் தோட்டத்து லயங்களின் நடுவே அமைவதாயின் நிகழ்ந்தது யாது? அதனை அறியச் சிறிது பின்னோக்குதல் வேண்டும்.

பிரித்தானியர் ஆட்சியில் 1871-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கிராமச் சங்கங்களுக்கு மீண்டும் உயிரளித்தது. அச்சங்கங்கள் கிராமத்தாருக்கென அமைந்தன. தோட்டமோ துரையின் ஆட்சிக்குட்பட்ட தனி உலகமாகவே நடத்தப்பட்டது. வீடு, நீர், மருந்து, பிள்ளை மடுவம் யாவும் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பு எனக் கொள்ளப்பட்டன. 1937-இற் கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டத் தொழிலாளருக்கு அச்சங்கங்களின் வாக்குரிமை மறுக்கப்பட்டது. இந்திய அரசாங்கமும் அதனைக் கண்டித்தது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், அதனையடுத்து வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்ட மக்களுட் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பினின்றும் நீக்கின. 1964-இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 1988-ஆம் ஆண்டுச் சட்டம், 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவற்றின் வழியாகவே நாடற்றோர் நிலை படிப்படியாகத் தீர்ந்தது.

வாக்கு மீண்டது; ஆயின் செலவு மீளவில்லை. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் 1988-இற் செயற்படத் தொடங்கியபோது, அதன் 33-ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புக்களுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாய் நின்றது. தோட்டப்பாதை தோட்டத்துக்குரியது, அதனைச் செப்பனிடல் நிருவாகத்தின் வேலை என்பதே பழைய எண்ணம். இதனால் விந்தையானதொரு நிலை தோன்றியது. தோட்டத் தொழிலாளர் பிரதேச சபைத் தேர்தலில் வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம், தவிசாளராகவும் ஆகலாம். அவ்வாறு தவிசாளரானவர் கடைத்தெருவுக்கு விளக்கிடலாம். தாம் பிறந்த லயத்துக்குச் செல்லும் பாதைக்கு ஒரு மதகு கட்டச் சபையின் பணத்தை முறைப்படி எடுத்தல் இயலாது.

இக்குறையை ஈடு செய்தவை அமைச்சுக்களின் நிதியும், 1974 முதல் வழங்கிய பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவு நிதியில் பாராளுமன்ற உறுப்பினர் ஒதுக்கிய பணமும், தோட்டங்களின் நிருவாகம் 1992-இற் கம்பனிகளிடம் சென்றபின் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் ஆற்றிய பணிகளுமாம். இவற்றாற் பல பாதைகளும் வீடுகளும் எழுந்தன என்பதை மறுத்தல் நன்றியன்று. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அமைச்சர் தரும் பணம் அமைச்சர் மாறினால் மாறும். சபையின் திட்டநூலில் எழுதப்பட்ட பணத்தையோ, வாக்காளர் உரிமையோடு கேட்கலாம். முன்னையது கொடை, பின்னையது உரிமை.

2018-இன் மாற்றம்

2018-ஆம் ஆண்டில் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது, சபைகளின் எண்ணிக்கை பற்றியது. 2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நுவரெலியா மாவட்ட மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். அவர் செறிந்து வாழும் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரு பிரதேச சபைகளும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்களைக் கொண்டிருந்தன. நெடுங்காலக் கோரிக்கையின் பயனாக அவ்விரண்டும் ஆறாகப் பிரிக்கப்பட்டு, அக்கரபத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா எனும் புதிய சபைகள் தோன்றின. 2018 பெப்ரவரி 10-இல் நடந்த தேர்தலில் அவற்றுக்கு உறுப்பினர் தெரிவாயினர்.

இரண்டாவது, அதிகாரம் பற்றியது. 2018-ஆம் ஆண்டின் 30-ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், 33-ஆம் பிரிவின் தடையை நீக்கி, தோட்ட நிருவாகத்தோடு கலந்தாலோசித்துத் தோட்டக் குடியிருப்புக்களுக்கு வீதி, கிணறு முதலிய பொது வசதிகளைப் பிரதேச சபை செய்து கொடுக்க வழி திறந்தது. முப்பது ஆண்டுகளாக மறுக்கப்பட்ட முதல் வினாவுக்கு விடை கிடைத்தது. அவ்வாண்டிலேயே 32-ஆம் இலக்கச் சட்டத்தால் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும் நிறுவப்பட்டது.

எஞ்சிய தடைகள்

கதவு திறந்தமை வேறு; உள்ளே செல்லுதல் வேறு. அதிகாரம் வந்தவுடன் இரண்டாம் வினா, அதாவது பணம் எங்கே எனும் வினா, முன்வந்து நிற்கின்றது. சபைகள் ஆறானமையால் மக்களுக்குச் சபை அண்மையில் வந்தது. ஆயின் ஒவ்வொரு சபைக்கும் தனிச் செயலாளர், தனி அலுவலகம், தனி வாகனம் வேண்டும். மீண்டெழும் செலவு பெருகிற்று. வரி தரும் ஊர்களோ பெருகவில்லை.

மற்றொரு தடை நிலம் பற்றியது. தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட வீதியை ஆண்டுதோறும் பேணுதல் சபைக்கு எளிது. தோட்டப்பாதை கம்பனியின் குத்தகை நிலத்திற் கிடப்பதால், ஒவ்வொரு வேலைக்கும் நிருவாகத்தோடு கலந்து பேசல் வேண்டும். அப்பேச்சு நீண்டு செல்லின், ஒதுக்கிய பணம் செலவாகாமலே டிசம்பர் முடிந்துவிடும். தோட்ட வீதிகளுட் பொதுமக்கள் நாளும் பயன்படுத்துவனவற்றை முறைப்படி சபைகளிடம் ஒப்படைத்தலே இதற்கு நிலையான தீர்வாகும்.

தோட்ட மக்கள் ஆதனவரி செலுத்தாதவர். ஆதலின் சபைப் பணத்துக்கு அவர் உரியவரல்லர் என வாதிப்போரும் உளர். இவ்வாதம் நில்லாது. பிரதேச சபைகளின் எல்லையில் வாழும் கிராமத்தாருட் பலரும், கட்டடங்கள் செறிந்த பகுதிக்கு வெளியே வாழ்தலின், ஆதனவரி செலுத்துவதில்லை. அவர்தம் வீதிகளுக்குச் சபை செலவிடுவதை எவரும் குறை கூறுவதில்லை. சம்பளத்துக்கென அரசாங்கம் தரும் பணமும், வேலைகளுக்கென வரும் நன்கொடைகளும் நாட்டின் பொது வருவாயினின்றும் வருவன. அப்பொது வருவாய்க்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் கை அளித்த பங்கு சிறிதன்று. ஓர் உப்புப் பொட்டலம் வாங்கும்போதும் மறைமுக வரி செலுத்துவோர் அவர்.

எதிர்காலத்தில் இவ்வாதத்துக்கே இடமில்லாது போகலாம். ஏழு பேர்ச் நிலத்தில் தனி வீடுகளைக் கொண்ட புதிய கிராமங்கள் தோட்டங்களில் எழுந்து வருகின்றன. நிலத்துக்கு உறுதி பெற்றவர் உடைமையாளர் ஆவர். உடைமையாளர் நாளடைவில் வரியிறுப்போரும் ஆவர். வரியிறுப்போருக்கு முகவரியும், வீதியும், வடிகானும், தெருவிளக்கும் வேண்டப்படும். லயத்தை நிருவகித்தது தோட்டம். கிராமத்தை நிருவகிக்க வேண்டியது சபை.

மக்களின் பங்கு

சபை இல்லாதபோது திட்டம் யாதாகும் என்பதையும் அண்மைக்காலம் காட்டியது. 2018-இற் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சு 19-இல் முடிவடைந்தது. தேர்தலோ பணமின்மையைக் காரணங்காட்டிப் பிற்போடப்பட்டது. அச்செயல் மக்களின் அடிப்படை உரிமையை மீறியதென 2024 ஆகத்து 22-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6-இல் நடைபெற்றது. இடைப்பட்ட ஈராண்டுக் காலத்தில் நாட்டின் பெரும்பாலான சபைகள் உத்தியோகத்தரின் பொறுப்பிலேயே நடந்தன. ஊழியர் சம்பளம் பெற்றனர், குப்பை அகற்றப்பட்டது. ஆயினும் எந்தப் பாதை முதலில், எந்த மதகு பின்னர் என விவாதிக்க மக்களின் பிரதிநிதி ஒருவரும் அவ்வவையில் இல்லை.

பிறநாடுகளில் மக்கள் இவ்விவாதத்திலே நேரடியாகவும் பங்குகொள்கின்றனர். பிரேசில் நாட்டுப் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல், பகுதிதோறும் மக்கள் கூடித் தம் தேவைகளை வரிசைப்படுத்தும் முறை தோன்றிப் பல நாடுகளுக்கும் பரவியது. கேரள மாநிலம் 1996-இற் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்டப் பணத்தின் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டதை உள்ளூர் மன்றங்களிடம் அளித்து, கிராம சபைகளிற் கூடி முடிவு செய்ய வைத்தது.

அத்தகைய முறை இங்கு வரும்வரை காத்திருத்தல் வேண்டியதில்லை. சட்டம் தந்த வழிகள் இப்போதே உள. 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சிச் சபைகளையும் கட்டுப்படுத்துவதால், ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவான பணம் எவ்வளவு என எழுத்து மூலம் எவரும் கேட்டறியலாம். தோட்டத்துச் சங்கங்களும், வாலிபர் மன்றங்களும், கற்ற இளைஞரும் ஆண்டுக்கொருமுறை சபையின் திட்டநூலைப் பெற்று, மூலதனச் செலவுப் பக்கங்களிலே தம் தோட்டத்தின் பெயர் உளதா என்று நோக்குதல் வேண்டும். இல்லையாயின், அடுத்த ஆண்டுத் திட்டம் வரையப்படுமுன் வட்டார உறுப்பினரிடம் எழுத்தில் வேண்டுகோள் கொடுத்தல் வேண்டும். புரட்டாதி ஐப்பசியிற் கேட்பது திட்டத்தில் ஏறும். தைத் திங்களிற் கேட்பது அடுத்த ஆண்டுக்கே செல்லும்.

மலையக மக்கள் வாக்குரிமைக்காகப் பல தலைமுறை போராடினர். அவ்வாக்கின் பயன், தேர்தல் நாளன்று பெட்டியில் இடுவதோடு முடிவதன்று. தாம் தெரிந்த சபை தம் பாதைக்கும் நீருக்கும் எத்தனை ரூபா எழுதியது, எழுதியதில் எத்தனை ரூபா செலவிட்டது என்று கேட்குமளவுக்கு அது நீளல் வேண்டும்.